அடிபட்ட பிள்ளையைக் கேட்பதா, வகுப்பைக் கேட்பதா?

முனைவர் பட்டத்துக்கான ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன் வைக்க எனக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. கேள்வி முடிவாகிவிட்டது. தெற்குக் கலிஃபோர்னியாவின் நடுநிலைப் பள்ளிகளில், பதினொன்று பன்னிரண்டு வயதில், சக மாணவர்களிடம் கேலியும் அடியும் ஒதுக்கலும் வாங்குகிற ஒரு பிள்ளைக்குத் தன் இனத்தின் மீதுள்ள பிடிப்பு கைகொடுக்கிறதா? இல்லை, அந்தப் பிடிப்பே அடியை இன்னும் ஆழமாக இறக்குகிறதா? முடிவாகாதது ஒன்றுதான். யார் அடிபடுகிறார்கள் என்பதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

இது வெறும் நடைமுறைச் சங்கதி என்றுதான் முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க, யாரிடம் கேட்கிறோமோ அதைப் பொறுத்து அடிபட்டவரின் முகமே மாறுகிறது என்று புரிந்தது. அதனால் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்து எழுதி வைக்கிறேன். இதே துறையில் இப்போது காலெடுத்து வைக்கும் யாருக்காவது உதவினால் சரி.

என் கையிருப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒருவன், இளநிலை மாணவர்கள் இரண்டு பேர் உதவிக்கு, இரண்டு பள்ளிகளின் அரைமனதான சம்மதம், ஒன்றரை ஆண்டு. பணம் என்று பார்த்தால், பிள்ளைகளுக்குச் சிறு பரிசு அட்டை கொடுக்கும் அளவுக்குத்தான்.

முதலில் சோம்பேறி வழி. யாரோ ஏற்கெனவே திரட்டிய தரவை எடுத்துக்கொள்வது. 'ஆட் ஹெல்த்' என்ற அமெரிக்க நெடுங்கால ஆய்வு 1994-95-ல் 7 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடம் தொடங்கியது. பள்ளியில் வைத்துக் கேட்டது 90,000 பேருக்கு மேல், வீட்டுக்குப் போய்க் கேட்டது 20,000 பேருக்கு மேல். ஐந்து ஆண், ஐந்து பெண் நண்பர்களின் பெயரைக்கூடக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இன அடையாளத்தை அளக்கும் முறையான அளவுகோல் அதில் இல்லை. அலெஹாந்த்ரோ போர்த்தெஸும் ரூபென் ரும்பாவும் 1992-ல் மயாமி, சான் டியேகோ பக்கம் 5,262 குடியேறிகளின் பிள்ளைகளைக் கேட்ட ஆய்வில், 'உன்னை என்னவென்று சொல்லிக்கொள்வாய்' என்ற அருமையான திறந்த கேள்வி இருக்கிறது. பாகுபாடு நடந்ததா, யார் செய்தார்கள் என்றும் கேட்கிறது. வகுப்பறைச் சீண்டலுக்கு அது போதாது. ஐரோப்பாவில் இங்கிலாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் நான்கிலும் 2010-11-ல் தொடங்கிய ஆய்வில் வகுப்பு உறவுகள்கூட இருக்கின்றன. ஆனால் அங்கே பிள்ளைகளுக்கு 14 வயது. பேசப்படும் இனங்களும் வேறு. ஒரு வருட உழைப்பு மிச்சமாகும் என்பது உண்மை. என் கேள்வியை அந்தத் தரவுக்கு ஏற்ப வளைக்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. இதை இரண்டே நாளில் ஒதுக்கிவிட்டேன்.

அடுத்து, ஆசிரியர்களைக் கேட்பது. இதற்கும் அதிக நேரம் செலவழிக்கவில்லை. டொரொண்டோவில் வெண்டி கிரெய்க், டெப்ரா பெப்ளர் இருவரும் பள்ளி மைதானத்தில் வீடியோ கேமராவும் பிள்ளைகளின் சட்டையில் சிறு மைக்கும் வைத்துப் பார்த்தார்கள். சீண்டல் நடந்த தருணங்களில் ஆசிரியர் தலையிட்டது 4 சதவீதம்தான் என்று 1997-ல் எழுதினார்கள். ஆசிரியர்கள் கல்நெஞ்சர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் படாததை அவர்களிடம் கேட்டு என்ன பயன்?

ஆக, உண்மையான போட்டி மூன்றுக்கு நடுவில். பிள்ளையிடமே கேட்பது, வகுப்பிடம் கேட்பது, தினமும் கேட்பது.

பிள்ளையிடமே கேட்கும் வழிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1982 கடைசியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நாடே பேசியது. 1983-ல் அரசு நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பெர்கன் நகரில் இருந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸின் கேள்வித்தாள் உலகமெங்கும் பரவியதற்கு அதுதான் தொடக்கம். முதலில் 'புல்லியிங்' என்றால் என்ன என்று ஒரு விளக்கம்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்க்க முடியாத நிலையில் இருப்பவருக்கு நடப்பது. அப்புறம், கடந்த இரண்டு மாதத்தில் எத்தனை முறை என்ற கேள்வி. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை அல்லது அதற்கு மேல் என்றால் அந்தப் பிள்ளை பாதிக்கப்பட்டவர் கணக்கில் சேரும். ஒரு வகுப்பு நேரத்தில் முடிந்துவிடும். பெயர் வேண்டாம். செலவும் அச்சுக்கூலியோடு சரி.

இதில் சிக்கல் அந்தச் சொல்தான். முன்னோட்டமாகச் சிலரிடம் கொடுத்துப் பார்த்தபோது ஒரு பையன், 'உன்னை யாராவது புல்லி செய்தார்களா' என்ற கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்று வட்டமிட்டான். அடுத்த பக்கத்தில் தள்ளுவது, பட்டப்பெயர், பையை ஒளித்துவைப்பது என்று தனித்தனியாக இருந்தவற்றில் பாதிக்கு 'வாரம் ஒரு முறைக்கு மேல்' என்று போட்டிருந்தான். என்னப்பா இது என்று கேட்டால், "சும்மா விளையாட்டுக்குத்தானே" என்கிறான். அவன் அந்தச் சொல்லுக்குள் போக மறுக்கிறான். போனால் தான் ஏமாளி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இது ஒரு பையனின் விசித்திரம் இல்லை. சாயர், பிராட்ஷா, ஓ'பிரென்னன் மூவரும் 2008-ல் இதையே பெரிய அளவில் காட்டினார்கள். விளக்கம் சொல்லிக் கேட்டால் ஒரு எண்ணிக்கை, செயல்களை வரிசையாகப் போட்டுக் கேட்டால் வேறு எண்ணிக்கை. அந்த இடைவெளி இனத்துக்கு இனம் ஒரே மாதிரி இல்லை. கறுப்பின மாணவர்கள் செயல்களுக்கு 'ஆம்' என்பதைவிட அந்தச் சொல்லுக்கு 'ஆம்' என்பது குறைவு. என்னைப் போல் இனத்தை மையமாக வைத்து ஆராய்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய பள்ளம்! தவறான கேள்வித்தாளைத் தேர்ந்தெடுத்தால் இனங்களுக்கிடையே நான் 'கண்டுபிடிக்கும்' வித்தியாசம் அந்தச் சொல் செய்த வேலையாகவே இருக்கலாம். ஆகவே பிள்ளையிடம் கேட்பதானால் செயல்களின் பட்டியல்தான். விளக்கம் வேண்டாம், அந்தச் சொல்லே வேண்டாம்.

இன்னொரு குறையும் உண்டு. அடிபட்டதாகச் சொல்வதும் அதே பிள்ளை. மனம் சோர்ந்திருக்கிறது என்று சொல்வதும் அதே பிள்ளை. தன் இனத்தைப் பற்றி நினைப்பதைச் சொல்வதும் அதே பிள்ளை. எல்லாம் ஒரே தாளில், ஒரே காலைப் பொழுதில். அன்றைக்கு அதன் மனநிலை கெட்டிருந்தால் மூன்றும் சேர்ந்து சாயும். அவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று நான் எழுதுவேன்.

இந்தக் குறைக்கு மருந்தாகத்தான் வகுப்பிடம் கேட்கும் வழி வந்தது. டேவிட் பெர்ரியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1988-ல் இதைச் சீண்டலுக்குக் கொண்டுவந்தார்கள். மாணவர் பட்டியலைக் கொடுத்து, 'யாரை மற்றவர்கள் அடிக்கிறார்கள், யாரைக் கிண்டல் செய்கிறார்கள்' என்று கேட்க வேண்டும். ஒருவர் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதே அளவு. இருபது முப்பது கண்கள் பார்த்தது ஒரு பிள்ளையின் அன்றைய மனநிலையைவிட உறுதியானது. எனக்கு மனதுக்குள் பிடித்த வழி இதுதான், மறைக்கவில்லை.

ஆனால் இரண்டு வழிகளும் ஒரே பிள்ளைகளைக் காட்டுவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் யானா யூவோனென், அட்ரியன் நிஷினா, சாண்ட்ரா கிரஹாம் குழு 2001-ல் இதைப் பிரித்துக் காட்டியது. தன்னை அடிபடுகிறவராக நினைக்கும் பிள்ளையிடம் தனிமை, சோர்வு, தன்மதிப்புக் குறைவு போன்ற உள்மனப் பாதிப்பு தெரிகிறது. வகுப்பு அடிபடுகிறவர் என்று சொல்லும் பிள்ளையிடம் வேறொன்று தெரிகிறது: மற்றவர்கள் அதை ஏற்பதில்லை, ஒதுக்குகிறார்கள். ஒன்று மனக்காயம், மற்றது பெயர் கெட்ட நிலை. சில பிள்ளைகளுக்கு இரண்டும் இருக்கும், பலருக்கு ஒன்றுதான். அப்படியென்றால் இரண்டில் எது சரியான அளவு என்று கேட்பதே தப்பு. என் கேள்வி மனக்காயத்தைப் பற்றியதா, வகுப்பில் அந்தப் பிள்ளையின் நிலையைப் பற்றியதா? இதைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. வகுப்பு என்னிடம் சொல்லக்கூடியது, 'அவனைத் தள்ளினார்கள்' என்பது. தள்ளும்போது அவன் காதில் விழுந்த சொல் எது, தன் தோலுக்காகத் தள்ளினார்கள் என்று நினைத்தானா, தன் கண்ணாடிக்காக என்று நினைத்தானா, தன்னிடமே ஏதோ கோளாறு என்று நினைத்தானா, இது வகுப்புக்குத் தெரியாது. கிரஹாமும் யூவோனெனும் 1998-லேயே எழுதினார்கள்: 'நான் இப்படிப்பட்டவன், அதனால்தான்' என்று தன் குணத்தின் மேல் பழி போட்டுக்கொள்ளும் பிள்ளைதான் அதிகம் உடைகிறது. இன அடையாளம் கைகொடுக்குமானால் இந்த இடத்தில்தான் கொடுக்கும். 'இது என்னால் இல்லை, என்னை மாதிரி எல்லாருக்கும் நடப்பது' என்று சொல்ல ஒரு வாய்ப்பு. அதைப் பிள்ளையிடம்தான் கேட்க முடியும்.

வகுப்பைக் கேட்பதில் நடைமுறைத் தொல்லைகளும் சாதாரணமானவை அல்ல. நடுநிலைப் பள்ளியில் ஒரே வகுப்பாக யாரும் நாள் முழுக்க உட்காருவதில்லை. மணிக்கொரு வகுப்புக்கு ஓடுகிறார்கள். ஆக, பட்டியல் என்றால் அந்த வகுப்பு ஆண்டின் முந்நூறு நானூறு பெயர்களும் வேண்டும். பெற்றோர் கையொப்பம் இல்லாத பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கலாமா என்ற சிக்கல் தனி. சம்மதித்தவர்கள் குறைந்தால் அளவே நொண்டும். முக்கியமாக, பிள்ளைகள் தங்கள் இனத்தவரைத்தான் அதிகம் கவனிக்கிறார்கள், அதிகம் அறிந்திருக்கிறார்கள். சிறிய கூட்டத்தைச் சேர்ந்த பிள்ளை அடிபட்டால் அதைப் பார்த்துச் சொல்லவும் ஆள் குறைவு. ஒரு பள்ளியில் துணை முதல்வர் மாதிரிப் பட்டியலைப் பார்த்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். "இதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் பிள்ளையின் பெயர் அப்படி ஒரு தாளில் எழுதப்படுகிறது என்றால் நானும் யோசித்திருப்பேன்.

இடையில் ஒரு ஆசையையும் கைவிட வேண்டியிருந்தது. பள்ளியின் இனக் கலவை. 2006-ல் யூவோனென், நிஷினா, கிரஹாம் 11 பள்ளிகள், 99 ஆறாம் வகுப்பறைகளைப் பார்த்தார்கள். எந்த இனமும் பெரும்பான்மையாக இல்லாமல் கலந்திருந்த இடங்களில் கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகள் கூடுதலாகப் பாதுகாப்பாக உணர்ந்தார்கள். சீண்டலும் குறைவு, தனிமையும் குறைவு. கலவையை அளந்த விதம் அழகானது: கண்ணை மூடி இரண்டு பேரை எடுத்தால் இருவரும் வேறு வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 2009-ல் அதே குழு இன்னொன்றைச் சொன்னது. தன் இனமே பெரும்பான்மையாக இருக்கும் பள்ளியில் அடிபடுகிற பிள்ளை தன்னையே அதிகம் பழிக்கிறது. 'எல்லாரும் என் ஆட்கள்தான், அப்படியும் என்னைத்தான் பிடிக்கிறார்கள்' என்றால் வேறு எதன் மேல் பழி போடுவது? இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. என் இரண்டு பள்ளிகளில் ஒன்று ஏறக்குறைய முழுக்க லத்தீனோ, மற்றது நன்றாகக் கலந்தது. அப்படியே ஒப்பிட்டுவிடலாமே! காலையில் நெறியாளரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை பள்ளி?" இரண்டு பள்ளிகளுக்கிடையே தலைமையாசிரியர், பேட்டை, வருமானம் என்று நூறு வித்தியாசம் இருக்கும். அத்தனையையும் கலவையின் கணக்கில் எழுத முடியாது. பின்னாளில் கிரஹாமும் யூவோனெனும் 26 பள்ளிகள், சுமார் 6,000 பிள்ளைகள் என்று விரித்ததற்குக் காரணம் இருக்கிறது. அது பெரிய கைகளுக்கு உரிய வேலை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது, தினமும் கேட்பது. டிஃபனி யிப்பும் ஆண்ட்ரூ ஃபுலிக்னியும் 2002-ல் சீன அமெரிக்கப் பிள்ளைகளிடம் இரண்டு வாரம் நாட்குறிப்பு வாங்கினார்கள். 'இன்றைக்கு நீ சீனன் என்ற நினைப்பு எவ்வளவு இருந்தது' என்பது நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது என்றும், இனப் பிடிப்பு வலுவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்த நினைப்பு அதிகமான நாட்கள் நல்ல நாட்களாக இருந்தன என்றும் கண்டார்கள். நிஷினாவும் யூவோனெனும் 2005-ல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு வாரத்துக்குள் சில நாட்கள் இப்படிக் கேட்டார்கள். தான் அடிபட்ட நாளில் அவமானம் கூடுகிறது. ஆனால் அதே நாளில் வேறொருவர் அடிபடுவதையும் பார்த்திருந்தால் அந்த அவமானம் அவ்வளவு ஏறுவதில்லை. 'நான் மட்டும் இல்லை' என்ற அதே ஆறுதல்.

என் கேள்விக்கு மிக நெருக்கமான வழி இதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரே பிள்ளையின் அடிபட்ட நாளையும் அடிபடாத நாளையும் ஒப்பிடலாம், பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வித்தியாசம் குறுக்கே வராது. ஆனால் இரண்டு வாரத்தில் ஒன்றுமே நடக்காத பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். கைபேசியில் கேட்கலாம் என்றால், கலிஃபோர்னியாவில் 2024-ல் வந்த சட்டப்படி 2026 ஜூலைக்குள் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் கைபேசிக் கட்டுப்பாட்டு விதி வைத்தாக வேண்டும். காகிதத்தில் என்றால் மாலைத் தாளை மறுநாள் காலை பேருந்தில் நிரப்புவார்கள். பதினொரு வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

சரி, இன அடையாளத்தை எதால் அளப்பது என்பது இன்னொரு பஞ்சாயத்து. ஜீன் ஃபின்னி 1992-ல் கொடுத்த அளவுகோல் எல்லா இனத்துக்கும் பொது. 2007-ல் அவரும் ஆந்தனி ஓங்கும் அதை ஆறு வாக்கியங்களாகச் சுருக்கினார்கள்: தன் இனத்தைப் பற்றித் தேடிப் பார்ப்பதற்கு மூன்று, அதன் மேல் பற்றோடு இருப்பதற்கு மூன்று. சுருக்கம், எளிது. உமானியா-டெய்லரும் சகாக்களும் 2004-ல் தந்தது 17 வாக்கியம். தேடல், தெளிவு, பெருமிதம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஆனால் பெருமிதக் கேள்விகளில் ஏறக்குறைய எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ராபர்ட் செல்லர்ஸ் வழியில் வந்த, கறுப்பினப் பதின்பருவத்தினருக்கான அளவுகோலில் மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று இருக்கிறது: என் இனத்தை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். 2006-ல் செல்லர்ஸ் குழு கண்டது முதலில் எனக்குத் தலைகீழாகப் பட்டது. உலகம் தங்களை மதிப்பதில்லை என்று ஏற்கெனவே நினைக்கும் பிள்ளைகளைப் பாகுபாடு அவ்வளவாகத் தாக்குவதில்லை. யோசித்தால் புரிகிறது, எதிர்பார்த்த அடி அவ்வளவு அசைக்காது. இதை விட்டுவிட்டுப் பெருமிதத்தை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஆகவே ஃபின்னியின் ஆறும், மற்றவர் பார்வையைப் பற்றி செல்லர்ஸ் வழி அளவுகோலில் உள்ள மூன்று வாக்கியங்களும், லத்தீனோ பிள்ளைகளுக்குப் பொருந்தும்படி சொல் மாற்றி.

ஃபின்னியின் பழைய தாளின் தலைப்பில் ஒரு கோடு இருக்கும். 'இன வகையில் நான் என்னை ______ என்று கருதுகிறேன்.' பலர் அதைக் கண்டுகொள்ளாமல் கட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். நான் அதை விடப்போவதில்லை. இங்குள்ள தமிழ் வீட்டுப் பிள்ளைகள் அதில் என்ன எழுதுவார்கள்? கட்டத்தில் 'ஆசியர்' என்று குறிக்கும் அதே பிள்ளை, கோட்டில் ஒரு நாள் 'இந்தியன்', ஒரு நாள் 'தமிழ்', ஒரு நாள் வெறும் 'பிரவுன்' என்று எழுதலாம். மதிய உணவு மேசையில் அதன் சாம்பார் சாதத்தைப் பார்த்து மற்றவர்கள் மூக்கைப் பிடித்த நாளில் எழுதுவது எது? பழங்குடியினர் அதிகம் வாழும் மெக்சிகோ மாநிலமான ஓக்ஸாகாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் இதே நிலைதான். லத்தீனோ கட்டத்துக்குள்ளேயே, மற்ற மெக்சிகோ பிள்ளைகளே அவனைப் பழங்குடி என்று கேலி செய்வார்கள். யார் அடிக்கிறார்கள், தன் ஆளா வேற்றாளா என்று கேட்காவிட்டால் இதெல்லாம் கணக்கில் காணாமல் போகும்.

ஒரு வார்த்தை நேர்காணலைப் பற்றியும். நியூயார்க் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ரோசன்புளூமும் வேயும் 2004-ல் எழுதியதைப் படித்தால் கேள்வித்தாளின் மேல் நம்பிக்கை போய்விடும். கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் போலீசையும் கடைக்காரரையும் பற்றிப் பேசினார்கள். ஆசியப் பிள்ளைகள் சக மாணவர்களின் அடியையும் வசவையும் பற்றிப் பேசினார்கள். ஆசிரியர்கள் ஆசியப் பிள்ளைகளுக்குச் சலுகை தருகிறார்கள் என்ற மனக்கசப்பு அந்த அடிக்குப் பின்னால் இருந்தது. இந்த முடிச்சை எந்தக் கட்டத்தில் குறிப்பது? ஆனாலும் என் கேள்விக்கு எண்ணிக்கை வேண்டும். பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்லும் சொற்களைக் கொண்டு செயல் பட்டியலைத் திருத்தப்போகிறேன். நேர்காணலின் பங்கு இந்த ஆய்வில் அவ்வளவுதான்.

ஆக, என் முடிவு: பிள்ளையிடமே கேட்பது. இலையுதிர்காலத்தில் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை. முன்னால் அளந்த பிடிப்பு பின்னால் வரும் சோர்வைச் சொல்கிறதா என்று பார்க்க. செயல்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் யார் செய்தது, எதற்காக என்று நினைத்தாய், இரண்டு துணைக் கேள்விகள். அதோடு சீட்டுக் குலுக்கி எடுத்த அறுபது பேரிடம் இரண்டு வாரம், பள்ளி முடியும் மணிக்கு ஐந்து நிமிடம், என் உதவியாளர் கையாலேயே கொடுத்து வாங்கும் தினத்தாள். அடிபடுகிற பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் தரவு நிறையக் கிடைக்கும், தெரியும். ஆனால் தினமும் மூன்று மணிக்கு யார் அந்த அறைக்குள் போகிறார்கள் என்று பள்ளி முழுக்கப் பார்க்கும். அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

இழப்பது என்ன என்பதும் தெரிகிறது. தனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு, வகுப்பு முழுக்க அடிபடுகிறவன் என்று அறிந்திருக்கும் பிள்ளை என் தரவில் நலமாக இருப்பதாகவே நிற்கும். குழுவில் இருக்கும் ஒருவர் இதைத்தான் முதலில் கேட்பார். அதற்கு என்னிடம் இப்போதைக்கு உள்ள பதில், அந்தத் துணை முதல்வர் மடித்துக் கொடுத்த தாள்தான். மூன்றாவதாக ஒரு பள்ளி, சிறியது, ஒரு வகுப்பு ஆண்டுக்கு நூறு பேருக்குள், பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அங்கே பெற்றோர் கூட்டத்தில் அனுமதி கிடைத்தால் பெயர் கேட்கும் தாளை அந்த ஒரு பள்ளியில் மட்டும் சேர்ப்பேன். கூட்டம் அடுத்த வியாழக்கிழமை. சம்மதப் படிவத்தின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு இன்னும் வரவில்லை.